பிரிட்டனில் வளரும் பதின்ம வயதுப் பிள்ளைகள்: பள்ளி, பயணம், கம்ப்யூட்டர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனை ஒட்டிய ஒரு புறநகரில் இருக்கிறேன். வேலை விசாவில் குடும்பத்தோடு புதிதாக வருகிறவர்கள், ஊரிலிருந்து போனில் பேசும் சொந்தபந்தம், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி வாசலில் நிற்கும் பெற்றோர் என்று பலரும் சுற்றிச்சுற்றி ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் இங்கிலாந்து நிலவரம். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் மாறும் இடங்களில் முக்கியமானவற்றை மட்டும் தனியாகச் சொல்கிறேன். தொகைகளும் விதிகளும் 2026 தொடக்கத்தில் இருந்தபடி.

"இயர் 9 படிக்கிறாள்னு சொல்றீங்களே, அது நம்ம ஊர் ஒன்பதாம் வகுப்புதானே?"

இல்லை, ஏறக்குறைய எட்டாம் வகுப்பு. இங்கே ஐந்து வயதிலேயே இயர் 1 தொடங்கிவிடுவதால் எண் ஒன்று கூடுதலாக ஓடும். 11 வயதில் இயர் 7. அதிலிருந்துதான் செகண்டரி பள்ளி. இயர் 11 முடியும்போது பிள்ளைக்கு 16 ஆகியிருக்கும். அந்த மே, ஜூனில் எழுதும் பொதுத்தேர்வுதான் ஜி.சி.எஸ்.இ. இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு ஓ லெவல் என்றால் உடனே புரியும். இங்கே அந்தப் பழைய ஓ லெவலை எடுத்துவிட்டு 1988-இல் ஜி.சி.எஸ்.இ. கொண்டுவந்தார்கள். அடுத்த இரண்டு வருடம் ஏ லெவல், பெரும்பாலும் மூன்றே பாடம். படிப்பில் நாட்டமில்லாத பிள்ளைக்கு அப்ரென்டிஸ்ஷிப் போன்ற தொழிற்பயிற்சி உண்டு. ஆனால் இங்கிலாந்தில் 18 வரை படிப்பிலோ பயிற்சியிலோ இருந்தே ஆக வேண்டும்.

மதிப்பெண்ணிலும் ஒரு குழப்பம். இங்கிலாந்தில் ஜி.சி.எஸ்.இ. கிரேடு 9-இலிருந்து 1 வரை, 9தான் உச்சம். "கணக்கில் 4" என்றால் பாஸ். ஊரில் அதைப் பத்துக்கு நாலு என்று எடுத்துக்கொண்டு துக்கம் விசாரிக்கிறார்கள். வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் இன்னும் எழுத்துக் கிரேடுதான். ஸ்காட்லாந்தில் தேர்வே வேறு: நேஷனல் 5, பிறகு ஹையர்.

"ஒரு சாதாரண நாள் எப்படிப் போகும்?"

எட்டரை, எட்டே முக்காலுக்குள் பள்ளியில் இருக்க வேண்டும். பெரும்பாலான பள்ளிகளில் சீருடை. டை, பிளேசர் எல்லாம் உண்டு, வெயில் காலத்தில் பிளேசரைக் கழற்ற அனுமதி கேட்க வேண்டிய பள்ளிகளும் இருக்கின்றன. மூன்று, மூன்றேகாலுக்கு மணி அடித்துவிடும். அதன் பிறகு கால்பந்து, நாடகம், இசை என்று ஏதாவது கிளப், அல்லது பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்துக் கோழிக்கடையில் சிப்ஸ். வீட்டுப்பாடம் ஒரு ஆப்பில் வரும். பெற்றோரின் போனிலும் அது தெரியும் என்பது பிள்ளைகளுக்குப் பெரிய துயரம்.

கேன்டீனில் காசு புழங்குவது குறைந்துவிட்டது. பல பள்ளிகளில் பிள்ளை விரலை வைத்தால் கணக்கில் கழியும். இதற்கு விரல்ரேகை எடுக்கப் பெற்றோரில் ஒருவராவது எழுத்தில் சம்மதம் தர வேண்டும் என்பது 2012 சட்டம். நீங்கள் மறுத்தால், அல்லது பிள்ளையே மறுத்தால், பள்ளி மாற்று வழி தர வேண்டும். சேர்க்கையின்போது நீட்டும் காகிதக் கட்டில் இந்தப் படிவமும் இருக்கும். படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

புதிதாக வருகிறவர்களை அசர வைப்பது வெளிச்சம்தான். டிசம்பரில் லண்டனில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஜூனில் இரவு ஒன்பதேகால் வரை பகல். பிள்ளை வெளியே சுற்றுவதும் வீட்டுக்குள் திரை முன்னால் அடைவதும் பாதி இதைப் பொறுத்தது.

"பன்னிரண்டு வயசுப் பொண்ண தனியா பஸ்ல அனுப்புறீங்களாமே, பயமில்லையா?"

பயம் இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் இயர் 7 முதல் தனியாகப் போவதுதான் இங்கே வழக்கம். வாசலில் வந்து நிற்கும் அப்பாவைப் பார்த்து வெட்கப்படுவது பிள்ளைதான். லண்டனில் 11 முதல் 15 வயது வரை ஜிப் ஆய்ஸ்டர் அட்டை இருந்தால் பஸ் இலவசம். ஸ்காட்லாந்தில் 2022 ஜனவரி கடைசியிலிருந்து 22 வயதுக்குக் கீழே உள்ள எல்லாருக்கும் பஸ் இலவசம். 16, 17 வயதுக்காரர்களுக்கு ரயிலில் பெரும்பாலான டிக்கெட்டுகளைப் பாதி விலைக்குத் தரும் ஒரு ரயில்கார்டும் உண்டு. அந்த அட்டையை வாங்காமல் முழு விலை கொடுக்கும் குடும்பங்கள் ஏராளம்.

"எங்கட மகன் பேப்பர் போடப் போறன் எண்டு நிக்கிறான். சட்டப்படி விடலாமோ?"

விடலாம். 13 வயதிலிருந்து இலேசான வேலை செய்யலாம், வீடு வீடாகப் பத்திரிகை போடுவது அதில் பழையது. பள்ளிப் பருவத்தில் வாரத்துக்கு 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது, பள்ளி நாளில் 2 மணி நேரத்துக்கு மேல் கூடாது, காலை 7-க்கு முன்பும் மாலை 7-க்குப் பின்பும் கூடாது. பெரும்பாலான கவுன்சில்கள் (உள்ளாட்சி மன்றங்கள்) வேலை அனுமதிச் சீட்டு கேட்கும். அதை எடுக்க வேண்டியது முதலாளி. சீட்டு இல்லாமல் வேலை செய்யும்போது அடிபட்டால் காப்பீடு கைவிரிக்க வாய்ப்பு உண்டு. தெரிந்தவர் கடை என்றாலும் கேட்டு வாங்குங்கள்.

கட்டாயப் பள்ளி வயது முடியும்வரை குறைந்தபட்சக் கூலி விதி பொருந்தாது. 16 வயதில் இயர் 11 முடித்த கோடையிலிருந்து பொருந்தும்: மணிக்கு 7.55 பவுண்டு, 2026 ஏப்ரலில் இருந்து 8 பவுண்டு. "படிக்கிற பிள்ளை எதுக்கு வேலைக்குப் போகணும்?" என்று மாமியார்கள் கேட்பார்கள். இங்கே டாக்டர் வீட்டுப் பிள்ளையும் சனிக்கிழமை கஃபேயில் தட்டு கழுவும். அதைக் குறைவாக யாரும் பார்ப்பதில்லை, என் கண்ணுக்கு நல்ல பழக்கம்தான்.

"போனை ஸ்கூலுக்குக் கொண்டுபோக விடுவாங்களா?"

கொண்டுபோகலாம், எடுக்க முடியாது. 2024 பிப்ரவரியில் கல்வித்துறை, பள்ளி நேரம் முழுக்க போனைத் தடை செய்யச் சொல்லி வழிகாட்டுதல் கொடுத்தது. அதற்கு முன்பே பெரும்பாலான பள்ளிகளில் தடை இருந்தது. சில இடங்களில் அணைத்துப் பையில் போட வேண்டும், சில இடங்களில் பூட்டுப்போட்ட உறைக்குள் வைத்து மாலையில்தான் திறப்பார்கள். இயர் 7-இல் சேரும் பிள்ளைக்குப் பட்டன் போன் வாங்கித் தரும் பெற்றோர் இப்போது கூடி வருகிறார்கள்.

வாட்ஸப் 13 வயதிலிருந்து. முன்பு பிரிட்டனில் 16 என்று இருந்ததை 2024-இல் குறைத்தார்கள். 2023-இல் வந்த இணையப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வயது வந்தோருக்கான தளங்கள் 2025 ஜூலை 25 முதல் வயதைச் சரிபார்க்க வேண்டும். எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதை மறைத்து இணையத்தில் உலவ உதவும் வி.பி.என். என்றால் என்னவென்று உங்கள் பிள்ளை திடீரென்று விளக்க ஆரம்பித்தால் காரணம் அதுவாக இருக்கலாம்.

"எந்நேரமும் கேம்தான். கம்ப்யூட்டர்ல உருப்படியா வேற எதுவும் செய்ய மாட்டாங்களா இந்தப் பசங்க?"

கேமைப் பழிக்க வேண்டாம், இந்த நாட்டில் கம்ப்யூட்டர் ஆர்வம் வளர்ந்ததே அப்படித்தான். 1981-இல் பிபிசி தன் பெயரில் ஒரு கம்ப்யூட்டரை வெளியிட்டது. கேம்பிரிட்ஜில் இருந்த ஏக்கார்ன் என்ற நிறுவனம் செய்தது, பள்ளிகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. மறு வருடம் சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் வந்தது. ரப்பர் விசைகள், டிவியில் செருகிப் பார்க்க வேண்டும், விலை குறைவு. படுக்கையறையில் உட்கார்ந்து தானே கேம் எழுதி, கேசட்டில் பதிந்து விற்ற பையன்கள் ஒரு தலைமுறையே இருந்தார்கள். 1984-இல் வந்த எலைட் என்ற விண்வெளி விளையாட்டை எழுதியவர்கள் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் இருவர். அந்த ஏக்கார்ன் நிறுவனத்துக்குள் பிறந்த சிப் வடிவமைப்புதான் ஏ.ஆர்.எம். உங்கள் கையில் இருக்கும் போன் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் அனேகமாக அதன் வழிவந்த சிப்பில்தான் ஓடுகிறது.

பிறகு ஒரு வறட்சி. பள்ளிகளில் ஐ.சி.டி. என்ற பெயரில் கடிதம் தட்டச்சவும் ஸ்லைடு போடவும் சொல்லிக்கொடுத்தார்கள்; நிரல் எழுதத் தெரிந்த பிள்ளைகள் குறைந்தார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு விண்ணப்பிக்கிறவர்களின் எண்ணிக்கையும் தரமும் சரிவதைக் கவனித்த எபன் அப்டனும் நண்பர்களும், பிள்ளை தைரியமாகப் பிரித்துப் போட்டு விளையாடக்கூடிய மலிவான கம்ப்யூட்டர் ஒன்று வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அதுதான் ராஸ்பெர்ரி பை. 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்தது. சீட்டுக்கட்டு அளவு, 35 டாலர். தெற்கு வேல்ஸில் பென்கோட் என்ற ஊரில் உள்ள சோனி தொழிற்சாலையில் தயாராகிறது. 2015 நவம்பரில் அதன் சின்னத் தம்பியான பை ஜீரோவை ஒரு பத்திரிகையின் அட்டையில் ஒட்டி இலவசமாகவே கொடுத்தார்கள். ஷாம்பு பாக்கெட் போல ஒரு முழுக் கம்ப்யூட்டர்! கடைகளில் உடனே தீர்ந்துபோனது.

2014 செப்டம்பரில் இங்கிலாந்து ஐ.சி.டி. பாடத்தை எடுத்துவிட்டு, ஐந்து வயதிலிருந்தே நிரல் எழுதுவதைப் பாடத்திட்டத்தில் வைத்தது. 2016-இல் இயர் 7 பிள்ளைகளுக்கு மைக்ரோபிட் என்ற சிறு பலகையை இலவசமாகத் தந்தார்கள், பத்து லட்சம் வரை என்று திட்டம். ஐந்துக்கு ஐந்து சிவப்பு விளக்கு, இரண்டு பொத்தான், அசைவை உணரும் சென்சார், திசைகாட்டி. இப்போது ஜி.சி.எஸ்.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் வகுப்புகளில் அதிகம் புழங்கும் மொழி பைத்தான்.

"எல்லாம் சரி, அதை வச்சு நிஜமா என்ன செய்றாங்க?"

செடிக்குத் தண்ணீர் வற்றினால் விளக்கு எரிய வைப்பது, வீட்டு வைஃபையில் விளம்பரங்களைத் தடுப்பது, பழைய ஸ்பெக்ட்ரம் கேம்களை ஓட்டுவது. முக்கால்வாசி பாதியில் நிற்கும், மேசை இழுப்பறை வயராக நிறையும். அதைப் பார்த்து எரிச்சல்படாமல் இருப்பதுதான் பெற்றோரின் வேலை.

கொஞ்சம் பெரிதாக வேண்டுமென்றால் ஆஸ்ட்ரோ பை. 2015 டிசம்பரில் பிரிட்டிஷ் விண்வெளி வீரர் டிம் பீக் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போன சமயத்தில் இரண்டு ராஸ்பெர்ரி பைகளும் அங்கே போயின. பள்ளிப் பிள்ளைகள் எழுதிய நிரல் அவற்றில் ஓடியது. ஐரோப்பிய விண்வெளி முகமை இதை ஆண்டுதோறும் நடத்துகிறது. 19 வயது வரை சேரலாம். எளிய பிரிவில் சில வரி எழுதினாலே போதும், அரை நிமிடம் விண்வெளியில் ஓடும். எந்த நேரத்தில், எந்த இடத்துக்கு மேலே ஓடியது என்று சான்றிதழும் வரும். ஊரில் தாத்தா பாட்டிக்குக் காட்ட இதைவிட நல்ல காகிதம் கிடையாது.

"பதினேழு வயசுல ஒரு பையன் ஆப் வித்து கோடீஸ்வரன் ஆயிட்டானாமே, உண்மையா?"

உண்மை. நிக் டலோய்சியோ, லண்டனில் வளர்ந்தவர். 12 வயதில் தானே நிரல் எழுதக் கற்றுக்கொண்டு, நீண்ட செய்திகளைச் சுருக்கித் தரும் ஆப் ஒன்றை உருவாக்கினார். 15 வயதிலேயே ஹாங்காங் செல்வந்தர் லி கா ஷிங்கின் நிறுவனம் அதில் பணம் போட்டது. சம்லி என்று பெயர் மாறிய அந்த ஆப்பை 2013 மார்ச்சில் யாஹூ வாங்கியபோது அவருக்கு 17. தொகை சுமார் 3 கோடி டாலர் என்று பத்திரிகைகள் எழுதின. அதன் பிறகு அவர் ஆக்ஸ்ஃபோர்டில் கம்ப்யூட்டர் சயின்ஸும் தத்துவமும் படித்தார் என்பதை வாட்ஸப் பார்வர்டு சொல்லாது.

இன்னொருவர் டெமிஸ் ஹசாபிஸ். வட லண்டன் பையன், சிறு வயதிலேயே சதுரங்கத்தில் கெட்டி. தீம் பார்க் என்ற கேமை உருவாக்கும் வேலையில் பதின்ம வயதிலேயே இருந்தார். அது 1994-இல் வந்தது. பிறகு கேம்பிரிட்ஜ், டாக்டர் பட்டம், டீப்மைண்ட் என்ற செயற்கை நுண்ணறிவு நிறுவனம், 2024-இல் வேதியியல் நோபல். முதல் கதையைச் சொல்லிப் பிள்ளையை நச்சரிப்பதைவிட இரண்டாவதைச் சொல்லலாம். கேம் ஆடுவது குறித்து வீட்டில் நடக்கும் வழக்கில் எதிர்த்தரப்பு அதைப் பயன்படுத்தும் ஆபத்து உண்டு என்றாலும்.

"பிள்ளைக்கு இதுல ஆர்வம் இருக்கு. எங்க கூட்டிட்டுப் போகலாம்?"

லண்டன் சயின்ஸ் மியூசியம் முதலில். நிரந்தரக் காட்சிகளுக்குக் கட்டணம் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கணித மேதை சார்லஸ் பாபேஜ் வரைந்து வைத்துவிட்டுப்போன கணக்கிடும் இயந்திரமான இரண்டாவது டிஃபரன்ஸ் எஞ்சினை 1991-இல் அங்கே உண்மையாகவே செய்து பார்த்தார்கள், வேலை செய்தது. அடுத்து மில்டன் கீன்ஸ் பக்கத்தில் பிளெட்ச்லி பார்க், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் சங்கேதங்களை உடைத்த இடம். அதே வளாகத்தில் தேசியக் கம்ப்யூட்டர் அருங்காட்சியகம் இருக்கிறது. அந்தச் சங்கேத வேலைக்குப் பயன்பட்ட கொலோசஸ் இயந்திரத்தை மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் தனித்தனி டிக்கெட், திறக்கும் நாட்களும் வேறு, பார்த்துவிட்டுப் போங்கள். கேம்பிரிட்ஜில் உள்ள கம்ப்யூட்டர் வரலாற்று மையத்தில் பழைய இயந்திரங்களைத் தொட்டு, தட்டி, விளையாடலாம். சின்னவர்களுக்கு என் ஓட்டு அதற்குத்தான்.

கிளப் என்றால், பள்ளிகளிலும் நூலகங்களிலும் நடக்கும், நிரல் எழுதச் சொல்லித்தரும் கோட் கிளப் இலவசம். போட்டி பிடித்தால் பிரிட்டிஷ் இன்ஃபர்மேட்டிக்ஸ் ஒலிம்பியாட் என்ற நிரல் போட்டி. ஜி.சி.எஸ்.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கும் பெண் பிள்ளைகள் இன்னும் ரொம்பக் குறைவு. வகுப்பில் ஒருத்தியாக உட்கார வேண்டியிருக்கும் என்ற தயக்கத்தை முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

"டி.ஓ.எஃப்.இ.ன்னு சொல்லி மலையில கூடாரம் போட்டுத் தங்க அனுப்பச் சொல்றாங்க. அனுப்பலாமா அக்கா?"

அனுப்புங்கள். எடின்பரோ கோமகன் விருது என்று பெயர். இளவரசர் பிலிப் 1956-இல் தொடங்கியது. 14 வயதில் வெண்கலம், 15-இல் வெள்ளி, 16-இல் தங்கம். சில மாதங்கள் தொண்டு, விளையாட்டு, ஏதாவது ஒரு திறமை, கடைசியில் பயணம். வெண்கலத்துக்கு இரண்டு பகல் ஓர் இரவு, தங்கத்துக்கு நான்கு பகல் மூன்று இரவு. குழுவாக நடக்க வேண்டும், சமைக்க வேண்டும், சுமக்க வேண்டும். ஆசிரியர்கள் தூரத்திலிருந்து கண்காணிப்பார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது, வழி கண்டுபிடிக்கப் போன் கிடையாது என்பது. காகித வரைபடமும் திசைகாட்டியும்தான். பைத்தானில் புலியாக இருக்கிற பையன் மூன்று மணி நேரம் தப்பான வயலில் நடந்து, சேறும் சகதியுமாக வந்து, அந்த வாரம் முழுக்க அதையே பேசுவான். மழை பெய்யும். நல்ல பூட்ஸில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கூடாரம், முதுகுப்பை எல்லாம் பல பள்ளிகள் கடன் தரும்.

"பள்ளிக்கூடத்துலயே வெளிநாடு கூட்டிட்டுப் போறாங்களாமே, எங்க?"

பிரான்ஸ், ஸ்பெயின் மொழிப் பயணம், ஆல்ப்ஸில் பனிச்சறுக்கு, ஐஸ்லாந்தில் புவியியல். வரலாறு படிக்கிறவர்கள் பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்கும் பிரான்ஸின் சோம் பகுதிக்கும் முதல் உலகப் போர்க்களங்களைப் பார்க்கப் போவார்கள். ஈப்பரில் மெனின் வாசல் என்ற நினைவுச் சின்னம். உடல் கிடைக்காத 54,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் சுவரில் உள்ளன. 1928-இலிருந்து தினமும் இரவு எட்டு மணிக்கு அங்கே துயர இசை ஊதுகிறார்கள், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் ஊரைப் பிடித்து வைத்திருந்த வருடங்கள் மட்டும் விலக்கு. இந்தியப் படையினரின் பெயர்களும் அந்தச் சுவரில் இருக்கின்றன. பயணத்துக்கு முன்பே இதைப் பிள்ளையிடம் சொல்லிவையுங்கள், தேடிப் பார்க்கும்.

செலவு பற்றி: பனிச்சறுக்குப் பயணம் ஆயிரம் பவுண்டைத் தாண்டும். எல்லாரும் போவதில்லை, போகாத பிள்ளையை யாரும் ஒதுக்கவும் மாட்டார்கள். தவணையில் கட்டலாம். கட்டமுடியாத நிலை என்றால் பள்ளி அலுவலகத்தில் தயங்காமல் கேளுங்கள், உதவித்தொகை இருக்கக்கூடும்.

"பிரெக்ஸிட்டுக்கு அப்புறம் ஐரோப்பா போறது கஷ்டமா?"

பிரிட்டிஷ் பாஸ்போர்ட் என்றால் விசா வேண்டாம், காகிதக் கணக்கு கூடியிருக்கிறது. எந்த 180 நாளிலும் 90 நாள் வரை தங்கலாம். பாஸ்போர்ட் எடுத்து 10 வருடத்துக்கு உள்ளாகவும், திரும்பும் நாளுக்குப் பிறகு 3 மாதம் செல்லும்படியாகவும் இருக்க வேண்டும். 16-க்குக் கீழே எடுக்கும் பாஸ்போர்ட் 5 வருடம்தான் செல்லும் என்பதைக் கோடை விடுமுறைக்கு முந்தைய வாரத்தில் கண்டுபிடிக்கிற குடும்பம் ஒவ்வொரு வருடமும் உண்டு.

2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பிய எல்லைகளில் முத்திரைக்குப் பதில் விரல்ரேகையும் புகைப்படமும் பதியும் முறை படிப்படியாக வரத் தொடங்கியது. 12 வயதுக்குக் கீழே விரல்ரேகை கிடையாது, படம் மட்டும். டோவர் துறைமுகத்திலும் லண்டன் செயின்ட் பான்கிராஸ் ரயில் நிலையத்திலும் பிரெஞ்சு அதிகாரிகள் பிரிட்டன் பக்கத்திலேயே இதைச் செய்கிறார்கள். கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்.

பிள்ளையிடம் இருப்பது இந்திய அல்லது இலங்கைப் பாஸ்போர்ட் என்றால் விசா வேண்டாம் என்பது பொருந்தாது. பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா தேவைப்படும். பள்ளிப் பயணத்துக்குப் பெயர் கொடுக்கும் அன்றே இதைப் பள்ளியிடம் சொல்லிவிடுங்கள். விசா சந்திப்பு நேரம் கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகும், ஆசிரியர்கள் அதை யோசித்திருக்க மாட்டார்கள்.

"ஜூலைல டிக்கெட் விலை பயங்கரம். பத்து நாள் லீவு போட்டு முன்னாடியே ஊருக்கு வந்தா என்ன?"

அபராதம் வரும். இங்கிலாந்தில் அனுமதியில்லாமல் ஐந்து பள்ளி நாள் தவறினாலே ஒரு பிள்ளைக்கு ஒரு பெற்றோருக்கு 80 பவுண்டு. 21 நாளில் கட்டாவிட்டால் 160. அப்பா அம்மாவுக்குத் தனித்தனி. இரண்டு பிள்ளை என்றால் 80 இல்லை, 320. மூன்று வருடத்துக்குள் மறுபடி செய்தால் நேராக 160, மூன்றாம் முறை நீதிமன்றம் வரை போகலாம். "அபராதம் கட்டியும் டிக்கெட்டில் லாபம்தான்" என்று கணக்குப் போடுகிறவர்களை எனக்குத் தெரியும். இயர் 10, 11-இல் மட்டும் அந்தக் கணக்கு வேண்டாம் என்பேன். ஸ்காட்லாந்தில் இந்த அபராத முறை இல்லை. அங்கே கோடை விடுமுறை ஜூன் கடைசியிலேயே தொடங்கிவிடும், டிக்கெட்டும் கொஞ்சம் மலிவு.

"விமானத்துல என்னென்ன சாதனம் கொண்டுவரலாம்? ட்ரோன் கொண்டுவரட்டுமான்னு கேக்குறான்."

பவர் பேங்க் கைப்பையில் மட்டும், 100 வாட் அவர் வரை. 20,000 எம்.ஏ.எச். என்று போட்டிருப்பது 74 வாட் அவர்தான், பிரச்சினையில்லை. ராஸ்பெர்ரி பை, வயர், சென்சார் எல்லாம் ஸ்கேனரில் சந்தேகமாகத் தெரியும். ஒரு டப்பாவில் தனியாகப் போட்டு வெளியே எடுத்துக் காட்டுங்கள். ஐரோப்பாவில் ரோமிங் இலவசம் என்ற காலம் போய்விட்டது, சிம் கம்பெனியைப் பொறுத்தது.

ட்ரோன் வேண்டாம். 2022 பிப்ரவரியிலிருந்து ட்ரோன் இறக்குமதிக்கு இந்தியாவில் தடை, சுங்கத்தில் பிடித்துக்கொள்வார்கள். அதைவிட முக்கியமானது, மலைநடைக்காக வாங்கும் செயற்கைக்கோள் செய்திக் கருவி. டி.ஓ.எஃப்.இ. மோகத்தில் சில வீடுகளில் இது இருக்கிறது. உரிமம் இல்லாமல் இந்தியாவுக்குள் வைத்திருப்பது குற்றம். பிரிட்டிஷ் பயணிகள் விமான நிலையத்தில் பிடிபட்டிருக்கிறார்கள். பையின் அடியில் மறந்து கிடக்கிறதா என்று பாருங்கள்.

"பதினாறு வயசாயிட்டு, ஃப்ரெண்ட்ஸோட ஐரோப்பா ரயில் பயணம் போகணும்கிறான். விடலாமா?"

சட்டம் தடுக்காது, நடைமுறை தடுக்கும். பல ஹாஸ்டல்கள் 18-க்குக் கீழே தனியாக வருகிறவர்களுக்கு அறை தராது. சில நாடுகள் பெற்றோர் சம்மதக் கடிதம் கேட்கும். அதனால்தான் ஒரே பாஸில் பல நாடுகளை ரயிலில் சுற்றும் இண்டர்ரெயில் பயணம் பெரும்பாலும் ஏ லெவல் முடித்த கோடையில் நடக்கிறது. பிரெக்ஸிட்டுக்குப் பிறகும் பிரிட்டனில் வசிக்கிறவர்கள் அந்த பாஸ் வாங்கலாம், 33 நாடுகள், 27 வயது வரை இளைஞர் விலை. ஜி.எச்.ஐ.சி. என்ற இலவச மருத்துவ அட்டையை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பயணக் காப்பீட்டுக்கு அது மாற்று இல்லை. 16 வயதுக்காரனுக்கு ஒரு இடைவழி: சொந்தக்காரர் இருக்கும் ஊருக்கு, பாரிஸ் என்று வையுங்கள், யூரோஸ்டார் ரயிலில் அனுப்பி அந்தப் பக்கம் ஒருவர் வந்து அழைத்துக்கொள்வது.

"பதினாலு வயசு மகள் டாக்டரைத் தனியாப் பார்க்கணும்கிறா. என்ன பேசினாங்கன்னு எங்கிட்ட சொல்ல மாட்டேங்கிறாங்க. இது நியாயமா?"

இந்தக் கேள்வி வராத வாரம் இல்லை, பெரும்பாலும் அம்மாக்களிடமிருந்து. 1985-இல், அன்றைய உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தந்த கில்லிக் தீர்ப்பின்படி, சிகிச்சையைப் புரிந்துகொள்ளும் பக்குவம் இருக்கிறது என்று மருத்துவர் கருதினால் 16-க்குக் கீழே உள்ள பிள்ளையும் தானே சம்மதம் தரலாம், அதை இரகசியமாக வைக்கக் கோரலாம். பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் மருத்துவர் உரியவர்களிடம் சொல்லியாக வேண்டும். 16, 17 வயதில் பிள்ளையே முடிவெடுக்கலாம் என்பதுதான் தொடக்க நிலை. கோபப்பட்டு ரிசப்ஷனில் சத்தம் போடுவதால் ஒன்றும் கிடைக்காது. மகள் டாக்டரிடமாவது பேசுகிறாள் என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளலாம்.

"இவன் பேர்ல அரசாங்கம் பணம் போட்டிருக்காமே?"

2002 செப்டம்பர் 1-க்கும் 2011 ஜனவரி 2-க்கும் இடையில் பிறந்து, இங்கேயே இருந்து, பெற்றோர் சைல்டு பெனிஃபிட் என்ற அரசு உதவித்தொகை வாங்கியிருந்தால் இருக்கும். சைல்டு டிரஸ்ட் ஃபண்ட் என்று பெயர். ஆரம்பத்தில் 250 பவுண்டு, கடைசிச் சில மாதங்களில் பிறந்தவர்களுக்கு 50. இத்தனை வருடம் வளர்ந்திருக்கும். 16 வயதில் கணக்கைத் தன் பொறுப்பில் எடுக்கலாம், பணம் 18-இல்தான். எங்கே இருக்கிறது என்று அரசுத் தளத்திலேயே இலவசமாகத் தேடலாம். தேடித்தருகிறேன் என்று பங்கு கேட்கும் ஆட்களிடம் போகாதீர்கள். வேலை விசாவில் பிறகு வந்த குடும்பங்களுக்கு இது கிடையாது.

"நாங்க வொர்க் விசாவுல இருக்கோம். பிள்ளை இங்கயே ஜி.சி.எஸ்.இ., ஏ லெவல் எல்லாம் எழுதிட்டா காலேஜ் ஃபீஸ் உள்ளூர்க்காரங்க மாதிரிதானே?"

இங்கேதான் பலர் இடிந்துபோகிறார்கள். உள்ளூர் மாணவருக்கு இங்கிலாந்தில் 2025-26 கட்டணம் வருடத்துக்கு 9,535 பவுண்டு வரை, அதற்கு அரசுக் கடனும் உண்டு. வெளிநாட்டு மாணவர் என்று வகைப்படுத்தினால் இரண்டு, மூன்று மடங்கு ஆகும், கடன் கிடையாது. எந்தப் பள்ளியில் படித்தாள், எத்தனை 9 வாங்கினாள் என்பதை இதில் பார்க்க மாட்டார்கள். பொதுவாகப் படிப்பு தொடங்கும் நாளில் நிரந்தரக் குடியிருப்பு உரிமை இருக்க வேண்டும், அதற்கு முன் மூன்று வருடம் இங்கே வசித்திருக்க வேண்டும். விலக்குகள் சில உண்டு. 18 வயது ஆகாமல், ஏழு வருடம் இங்கேயே வளர்ந்த பிள்ளைக்கு ஒரு வழி இருக்கிறது.

ஆகவே பிள்ளை இயர் 9-இல் இருக்கும்போதே ஒரு காகிதத்தில் வருடங்களை எழுதிப் பாருங்கள்: நீங்கள் வந்த தேதி, நிரந்தர உரிமைக்கு விண்ணப்பிக்கக்கூடிய தேதி, அவள் பல்கலைக்கழகம் போகும் செப்டம்பர். சில மாதங்கள்தான் இடிக்கிறது என்றால் ஒரு வருட இடைவெளி விட்டு, வேலை செய்துவிட்டுச் சேருவது இங்கே சாதாரணம். குடியேற்ற விதிகள் இப்போது அடிக்கடி மாறுகின்றன. கணக்குப் போட்டதைப் பதிவுபெற்ற ஆலோசகரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள், விண்ணப்பிக்கும் பல்கலைக்கழகத்தின் கட்டணப் பிரிவுக்கும் எழுதிக் கேளுங்கள்.